மருந்தென்னும் பெயரால் வரும் நஞ்சு

ஒரு சொல்லே ஒன்றற்கொன்று மாறுபட்ட இரு பொருள்களைத் தாங்கி நிற்றல் நம் மொழியில் அரிதன்று. ஆயினும் 'மருந்து' என்னும் சொல்லுக்கு நேர்ந்தது போன்ற நிலை வேறு எச்சொல்லுக்கும் நேர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கு இப்பெயரைச் சூட்டினார். பிணி தீர்த்து உயிர் காப்பதே அங்கு அதன் பொருள். எங்கள் கரிசற் காட்டுச் சிற்றூரிலோ, பருத்திச் செடிக்குத் தெளிக்கும் கொடிய நஞ்சும் மருந்துதான். "மாமா எங்கே?" என்றால், "காட்டுக்கு மருந்தடிக்கப் போயிருக்கிறார்" என்று விடை வரும். அதே ஊரில், "இன்னார் மருந்தைக் குடித்துவிட்டார்" என்னும் சொல் காதில் விழுந்த அளவில் அண்டை வீட்டார் வண்டி தேடி ஓடுவர். அவர் பிணி தீர்த்துக்கொள்ளக் குடித்தார் என்று எண்ணுவார் ஒருவரும் இலர்.

மக்கள் நாவில் மருந்தென வழங்கும் இப்பொருளை, அதன் தகரக் குப்பியின் மேல் 'நஞ்சு' என்றே எழுதவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கட்டளையிடுகின்றது. அக்குப்பி அயல்நாட்டிலிருந்து கப்பலேறி வருமாயின், நாட்டின் வாயிலில் அதனை நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வந்தாய், எவ்வளவில் கொல்வாய், உன்னால் தாக்குண்டவனை எப்படிக் காப்பது என்று வினவி, விடை பெற்ற பின்னரே உள்ளே விடுகின்றது. இவ்வினாக்களைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணம் படிப்பவனுக்குச் சுங்கச்சாலையில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். முதலிற் சட்ட நூலைக் கையிலெடுத்தபோது யானும் அப்படித்தான் எண்ணினேன். சில பக்கங்கள் கடந்ததும், அதன் ஒவ்வொரு விதியின் பின்னாலும் யாரோ சிலருடைய சாவு நிற்பதைக் கண்டேன்.

பூச்சிக்கொல்லி இரசாயனங்கள் நம் நாட்டிற்குள் பெருமளவில் நுழைந்ததே இறக்குமதியாகத்தான். 1948-49ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொசுவை அழிக்க டி.டி.டி.யும், வெட்டுக்கிளியை அழிக்க பி.எச்.சி.யும் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டன. பின்னர் 1952இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் பி.எச்.சி. செய்யும் தொழிற்சாலை தோன்றியது. ஈண்டு ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பயிரை அழிக்கும் பூச்சிகள் அயல்நாட்டுச் சரக்கோடு நம் நாட்டிற்குள் புகுந்துவிடாதபடி தடுக்க 1914ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்யப்பட்டது. அப்பூச்சியைக் கொல்லவரும் நஞ்சுக்கென்று தனிச் சட்டம் பிறக்க இன்னும் 54 ஆண்டுகள் ஆயின! 1919ஆம் ஆண்டின் நஞ்சுகள் சட்டம் ஒன்று இருந்தது உண்மையே. ஆயினும் அது கடையில் வைத்து விற்கும் சிறு பொட்டலங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதே அன்றி, பீப்பாய் பீப்பாயாய்க் கப்பலில் வந்து வயலெங்கும் தெளிக்கப்படும் நஞ்சை எண்ணி எழுதப்பட்டதன்று.

அச்சட்டம் பிறப்பதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். 1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரள மாநிலத்திலும், அக்காலத்துச் சென்னை மாநிலத்திலும், உணவுண்ட மக்கள் திடீரென நோயுற்று வீழ்ந்தனர். வாயில் நுரை தள்ளிற்று; உடலெங்கும் வியர்வை பெருகிற்று; கண்ணின் பாவை ஊசிமுனை போற் சுருங்கிற்று; மூச்சுத் திணறி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஊருக்குள் வந்த புதுக் கொள்ளைநோயோ என்று மக்கள் அஞ்சினர். ஆராய்ந்தபோது, பம்பாயிலிருந்து கப்பலில் வந்த கோதுமை மாவு முதலிய உணவுப்பொருளோடு 'பாலிடால்' என்னும் பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டிருந்தது என்பதும், கலம் கசிந்து நஞ்சு உணவில் ஊறிவிட்டது என்பதும் புலனாயின. மாவை வாங்கியவன் அறியான், விற்றவன் அறியான், சுமந்த கூலியாளும் அறியான். மூட்டையின்மேல் வழிந்தது எண்ணெய்க் கறை என்று நினைத்திருப்பான்.

பாலிடாலின் உயிர்ப்பொருள் பாராத்தியான் என்பது. 1940களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் இரசாயன அறிஞர் கண்டுபிடித்த கூட்டுப்பொருள்களுள் இஃதொன்று. இது கொல்லும் முறையைத் தெரிந்துகொண்டால், சட்டம் ஏன் இவ்வளவு கேள்விகள் கேட்கின்றது என்பது விளங்கும். நம் உடலில் நரம்பு தசைக்கு ஏவல் விடுக்குங்கால், 'அசிட்டைல்கோலின்' என்னும் பொருளைத் தூதாக அனுப்புகின்றது. தூதுரைத்து முடிந்ததும் அதனை உடனே அழித்து அமைதி உண்டாக்குவதற்கு ஒரு நொதி உண்டு. பாராத்தியான் வகையைச் சேர்ந்த நஞ்சு அந்நொதியைப் பற்றிக் கட்டிப்போட்டுவிடும். தூது ஓயாது, ஏவல் நிற்காது, சுரப்பிகள் சுரந்துகொண்டே இருக்கும், தசைகள் துடித்துத் துடித்துச் சோரும், கடைசியில் மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துவிடும். பூச்சியின் உடலிலும் இதே தூது, இதே நொதி. ஆகவே பூச்சிக்கு மட்டும் நஞ்சு, மனிதனுக்கு மருந்து என்று இவ்வினத்தில் ஒன்றும் இல்லை. அளவு ஒன்றே வேறுபாடு. வாய்வழியே செல்வது மாத்திரம் அன்று. தோலின்மேற் பட்டாலும் ஊடுருவிச் செல்லும்.

இத்துன்பத்தை விசாரிக்க நீதிபதி ஜே. சி. ஷா அவர்கள் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமர்த்தப்பட்டது. அதன் பெயரிலேயே கேரளமும் சென்னையும் சேர்ந்து நிற்கின்றன. அக்குழுவின் கருத்துரையும், பின்னர் அமைந்த நிபுணர் குழுவின் ஆய்வும் சேர்ந்து உருவாக்கியதே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். விதிகள் 1971இல் வகுக்கப்பட்டன. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. மக்கள் மாண்டது 1958. சட்டம் கைக்கு வந்தது 1971. பதின்மூன்று ஆண்டுகள்! சட்டத்தின் முகவுரை, மனிதர்க்கும் விலங்குகளுக்கும் தீங்கு நேராமற் காக்கும்பொருட்டு எவ்வெவற்றை ஒழுங்குபடுத்துவது என்று நிரல்படக் கூறுகின்றது: இறக்குமதி, செய்தொழில், விற்பனை, எடுத்துச் செல்லுதல், பகிர்வு, பயன்பாடு. இறக்குமதி முதலில் நிற்பதைக் காண்க.

இனி, ஒருவர் வெளிநாட்டுப் பூச்சிக்கொல்லி ஒன்றைத் தருவிக்க விரும்பினால் செய்யவேண்டுவன யாவை என்று பார்ப்போம். அவருடைய கையிற் பணம் இருப்பதும், அயல்நாட்டு வணிகர் விற்க இசைவதும் போதா. புது தில்லிக்கு அருகிலுள்ள பரீதாபாத்தில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தோடு சேர்ந்து இயங்கும் பதிவுக் குழுவிற்கு அவர் விண்ணப்பம் செய்யவேண்டும். சரக்கு ஒவ்வொன்றிற்கும் விண்ணப்பம் தனி. பூச்சிக்கொல்லி என்றதனால் புழு பூச்சி மட்டும் என்று கொள்ளற்க. களைக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி, எலிக்கொல்லி ஆகிய யாவும் சட்டத்தின் அட்டவணைக்குள் அடங்கும்.

விண்ணப்பத்தோடு செல்லும் தாள்கள் ஒரு கழுதைச் சுமை என்றாலும் மிகையன்று. அவை நான்கு வினாக்களுக்கு விடையாக அமைவன. பொருள் யாது என்பது முதல் வினா. அதன் இரசாயன அமைப்பு, தூய்மை, உடன் கலந்திருக்கும் மாசுகள், அவற்றை அளந்தறியும் முறை, எத்துணைக் காலம் கெடாதிருக்கும் என்பன இதன்கண் அடங்கும். மாசைப் பற்றி ஏன் கேட்கவேண்டும் என்று ஐயுறலாம். சில நஞ்சுகளில் பெயர்பெற்ற பொருளைவிட, செய்முறையில் தப்பி ஒட்டிக்கொண்ட மாசே கொடியதாக இருப்பதுண்டு. பயன் யாது என்பது அடுத்த வினா. அயல்நாட்டு வயலில் பலித்தது என்னும் சான்று மட்டும் போதாது. நம் நாட்டு மண்ணிலும் வெயிலிலும் பயிரிட்டுச் சோதித்துக் காட்டவேண்டும். விளைந்த தானியத்தில் நஞ்சின் எச்சம் எவ்வளவு நிற்கின்றது என்பதையும் அளந்து தரவேண்டும். மூன்றாவதாகக் கேடு யாது என்று வினவுகின்றனர். எலிக்கு எவ்வளவு கொடுத்தால் இறக்கும், தோலில் தடவினால் என்னாகும், மூச்சில் கலந்தால் என்னாகும், பறவைக்கு என்ன, மீனுக்கு என்ன, தேனீக்கு என்ன, மண்புழுவுக்கு என்ன, நெடுநாட்பட்டாற் புற்று உண்டாக்குமா, கருவிலிருக்கும் சேயைச் சிதைக்குமா என்று அடுக்கிக்கொண்டே போகின்றனர். எந்தக் கலத்தில் அடைப்பாய், அதன்மேல் என்ன எழுதுவாய் என்பது இறுதி வினா. 1958ஐ நினைவிற்கொண்டால் இது சிறு வினாவன்று.

பதிவுக் குழு இவற்றை ஆராய்ந்து, பொருள் பயன் தருமென்று சொன்னது மெய்யே, மனிதர்க்கும் விலங்குக்கும் காப்பானது என்றதும் மெய்யே எனத் தெளிந்தால், பதிவெண் வழங்கும். விண்ணப்பம் வந்து 12 திங்களுக்குள் முடிவு கூறவேண்டும். கூறவியலாதபோது மேலும் 6 திங்கள் நீட்டிக்கொள்ளலாம். மறுக்கப்பட்டவர் மத்திய அரசாங்கத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

மறுப்பதற்கு உரிய காரணங்களுள் ஒன்று என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. சட்டத்தின் 9ஆம் பிரிவில் அஃது அமைந்துள்ளது. அதன் கருத்தை என் சொற்களிற் கூறுகின்றேன்: விண்ணப்பக்காரர் சொல்லும் பாதுகாப்பு முறைகள் எளிதிற் கைக்கொள்ளத் தக்கன அல்ல என்று குழு கருதினால், அவ்வொரு காரணம் பற்றியே பதிவை மறுக்கலாம். முறைகளைக் கைக்கொண்டாலும் பெருங்கேடு நீங்காது என்று கருதினாலும் மறுக்கலாம். இதனை எழுதியவர் வயலைக் கண்டவராகத்தான் இருக்கவேண்டும். ஏட்டில், 'கையுறை அணிக, முகமூடி அணிக, கண்ணாடி அணிக, முழுக்காற் சட்டை அணிக' என்று எழுதுதல் எளிது. சித்திரை வெயிலில் கரிசல் நிலத்தில் அவற்றை அணிந்து அரைநாழிகை நிற்கவியலுமா? என் தாய்மாமன் தலைத்துண்டை அவிழ்த்து மூக்கிற் கட்டிக்கொள்வார்; அதுவே அவருடைய முகமூடி. காற்று எதிர்த்து வீசினால் பக்கம் மாறி நடப்பார்; அதுவே அவருடைய கவசம். மாலையில் வீடு வந்ததும், சட்டையைத் தனியே துவைக்கும்படி அத்தையிடம் சொல்வார். அத்தை அதனை வெறுங்கையாலேயே துவைப்பார். ஆதலின், பாதுகாப்பு முறை ஏட்டில் இருந்தாற் போதாது, உழவனால் இயலுவதாகவும் இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது பெரிய வார்த்தை. அவ்வார்த்தை இத்துணை ஆண்டுகளில் எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்பது வேறு. சட்டத்திலுள்ள கூரிய வாளைவிட அதன் உறையையே நாம் அதிகம் பார்த்திருக்கின்றோம் என்பது என் எண்ணம்.

பதிவு கிடைத்த பின்னரும் இறக்குமதிக்காரர் கட்டின்றித் திரியவியலாது. எந்த நிபந்தனையின்மேற் பதிவு வழங்கப்பட்டதோ அதற்கு மாறாக ஒரு பீப்பாயும் உள்ளே வரக்கூடாது என்று 17ஆம் பிரிவு கூறுகின்றது. வயலில் தெளிக்கத் தகுந்த கலவையாகக் கொண்டுவரப் பதிவு பெற்றால் கலவையே வரவேண்டும். செறிந்த மூலப்பொருளுக்குப் பதிவு பெற்றால் மூலப்பொருளே வரவேண்டும். வாணிகத்தில் இம்மூலப்பொருளை 'டெக்னிக்கல்' என்பர். எந்த நாட்டில் எவர் செய்த சரக்கு என்று சொல்லிப் பதிவு பெற்றாரோ, அவரிடமிருந்தே வாங்கவேண்டும். ஒருவர் செய்தது போன்றதே மற்றொருவர் செய்ததும் என்று நினைப்பதற்கில்லை. பெயர் ஒன்றாயினும் மாசு வேறாகலாம் அன்றோ? பொய்ப்பெயர் இட்ட சரக்கிற்கும் அரசாங்கம் விலக்கிய சரக்கிற்கும் வாயில் அடைப்பு. வாயிலும் எல்லாத் துறைமுகங்களிலும் இல்லை. சென்னை, கொச்சி, பம்பாய், கல்கத்தா போல விதியிற் பெயர் குறித்த இடங்கள் வழியாகவே இப்பொருள்கள் வருதல் வேண்டும். கண்காணிப்பார் இல்லாத சிறு துறையில் இறக்கிவிட்டுப் போகலாம் என்பது நடவாது.

பூச்சி கொல்லும் எண்ணமே இல்லாதவரும் இவ்வலையில் அகப்படுவதுண்டு. போரிக் அமிலம் என்னும் வெண்பொடி சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றது. கரப்பான் முதலியவற்றைக் கொல்ல அது பயன்படுதலே காரணம். அதே பொடி கண்ணாடித் தொழிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் வேண்டும். ஆகவே கண்ணாடி செய்பவரும், யாம் பூச்சிக்கொல்ல வாங்கவில்லை என்று கூறிப் பதிவுக் குழுவினிடம் தனி அனுமதி பெற்றே அதனைத் தருவிக்கவேண்டும். நம் விடுதி நண்பர்கள் மாலைதோறும் கேரம் பலகையின்மேல் தாராளமாகத் தூவி, காய்கள் வழுக்கி ஓடுவது கண்டு மகிழ்கின்ற பொடியும் பெரும்பாலும் இதுவே என்பதை ஈண்டு அவர்கட்குத் தெரிவித்துக்கொள்கின்றேன். ஆடியபின் கை கழுவிச் சாப்பிடுவது நலம்.

இனி, குப்பியின்மேல் ஒட்டும் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழ் மாணவனாகிய எனக்கு இதுவே நெருங்கிய பகுதி. சீட்டில் ஒரு சதுரம் முனையில் நிற்பதுபோல் சாய்வாக வரையப்பட்டிருக்கும். சீட்டின் முகப்பரப்பில் பதினாறில் ஒரு பங்கிற்குக் குறையாத அளவு அதற்கு இருத்தல் வேண்டும். அச்சதுரம் மேலும் கீழுமாக இரு முக்கோணமாகப் பிரிந்திருக்கும். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல். கீழ் முக்கோணத்தில் நிறம். நிறம் நான்கு. எலியின் உடல் எடை ஒரு கிலோவிற்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை வாய்வழி கொடுத்தாலே சோதித்த எலிகளிற் பாதி இறந்துபோகும் என்றால், அது மிகக்கொடிய நஞ்சு. அதற்குச் செந்நிறம், மண்டையோடும் குறுக்கெலும்புகளும், நஞ்சு என்னும் சொல்லும். 51 முதல் 500 வரை மஞ்சள். இங்கும் நஞ்சு என்னும் சொல் உண்டு, மண்டையோடு இல்லை. 501 முதல் 5000 வரை நீலம். 'அபாயம்' என்று எழுதவேண்டும். அதற்கும் மேல் பச்சை. 'எச்சரிக்கை' என்று எழுதினாற் போதும். எழுத்தறியாதவரும் நிறத்தை அறிவர் என்பது கருத்து. நல்ல கருத்தே. ஆயினும் பச்சை என்பது எங்கள் ஊரில் செழிப்புக்கு அடையாளம். பச்சை முக்கோணத்தைக் கண்ட உழவன் 'இது பயிருக்கு நல்லது' என்று எண்ணிக்கொண்டால் அவனைக் குறை கூறவியலாது.

சீட்டோடு கூட, பெட்டிக்குள் ஒரு துண்டுப் பிரசுரமும் வைக்கவேண்டும். எப்பயிருக்கு, எப்பூச்சிக்கு, எவ்வளவு, எவ்விதம், நஞ்சு ஏறினால் தோன்றும் குறிகள் யாவை, முதலுதவி என்ன, நச்சுமுறி யாது, வெற்றுக்கலத்தை எப்படி அழிப்பது என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றி, சரக்கு விற்கும் இடத்து மொழியிலும் அச்சிடவேண்டும் என்பது விதி. ஆகவே சீனத்திலோ ஜெர்மனியிலோ பிறந்த ஒரு நஞ்சு, எங்கள் ஊர்க் கடைக்கு வருமுன் தமிழ் கற்றுக்கொண்டே வரவேண்டியதாகின்றது!

அந்தத் தமிழ் எத்தகையது? சென்ற கோடை விடுமுறையில் மாமாவின் மாட்டுக்கொட்டிலில் இருந்த ஒரு குப்பியின் பிரசுரத்தை எடுத்துப் படித்தேன். தாள் எட்டு மடிப்பு. எழுத்தோ எறும்பின் காலினும் சிறிது. தமிழ் என்று பெயர். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். 'தசைநார் வழியாகச் செலுத்துக' என்பது மருத்துவனுக்கு உரியதா, உழவனுக்கு உரியதா என்று புலப்படவில்லை. 'வாந்தி வரவழைக்கற்க' என்னும் தொடரில் எதிர்மறை ஒட்டாகிய 'அற்க' என்பதை அறியாத ஒருவன் அதனை ஏவல் என்று கொண்டு வாந்தி எடுக்கச் செய்தால் என்னாவது? வகுப்பில் வியங்கோளையும் எதிர்மறையையும் சூத்திரத்தோடு மனப்பாடம் செய்யும் நாம், ஓர் ஒட்டு ஓர் உயிரின் விலை பெறும் இடம் உண்டென்று நினைத்ததுண்டா? சட்டம் மொழியைக் கேட்டது. மொழியின் தெளிவைக் கேட்க மறந்தது.

வெற்றுக்கலம் பற்றிய விதியும் அத்தகையதே. அதனை உடைத்து, குடியிருப்பிற்கு அப்பால் புதைக்கவேண்டும் என்பர். நல்ல மூடியுள்ள கலத்தை உடைக்க எந்த வீட்டாருக்கு மனம் வரும்? 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பீகார் மாநிலத்துச் சாரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நண்பகல் உணவு உண்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையிற் புலனாயிற்று. அதுவும் பாராத்தியானின் இனமே, செம்முக்கோணத்துச் சரக்கே. உணவும் நஞ்சும் ஒருங்கே இருத்தலாகாது என்று 1958இன் துயரம் பற்றி எழுந்த விதி இன்றும் ஏட்டில் இருக்கின்றது: பூச்சிக்கொல்லியை உணவுப்பொருளோ தீவனமோ தொடும்படி ஏற்றவும் வைக்கவும் கூடாது, தற்செயலாய்க் கலந்துவிட்ட உணவைச் சோதியாமல் வெளியே விடவும் கூடாது. கப்பலுக்கு எழுதிய விதி சமையலறை வரை சென்று சேரவில்லை.

ஒரு நாட்டின் வாயிலை அந்நாடு மட்டும் காத்தாற் போதாது. விற்கும் நாடும் சொல்லவேண்டிய சில உண்டு. தன் மக்களுக்கு ஆகாதென்று ஒரு நஞ்சை விலக்கிய நாடு, அதனையே பிறநாட்டிற்கு வாய்திறவாமல் ஏற்றி அனுப்புவது முறையா? இவ்வினாவிற்கு விடையாக 1998இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் இந்தியா அதிற் சேர்ந்தது. அதன் பட்டியலில் ஏறிய இரசாயனம் எதுவாயினும், வாங்கும் நாடு அறிந்து இசைந்த பின்னரே அனுப்பவேண்டும். 'வேண்டா' என்று சொன்ன நாட்டிற்கு அனுப்பலாகாது. பட்டியலில் இல்லாவிடினும், தன்னிடத்தில் விலக்கிய பொருளை ஏற்றுமதி செய்யும் நாடு முன்கூட்டி அறிவிக்கவேண்டும். 'எண்டோசல்பான்' 2011இல் இப்பட்டியலில் ஏறிற்று. அதே ஆண்டு மே மாதம் நம் உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயனையும் நாடெங்கும் நிறுத்தி ஆணையிட்டது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானூர்தியிலிருந்து அதனைத் தெளித்த வரலாற்றைப் பலரும் அறிவர். ஆயினும் பட்டியலில் ஒரு பெயர் ஏற எல்லா நாடுகளும் ஒருமனப்படவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வயல்களில் 2007 முதல் விலக்குண்ட 'பாராகுவாட்' என்னும் களைக்கொல்லிக்கு நச்சுமுறியே இல்லை. அதனைப் பட்டியலில் ஏற்றும் முயற்சி, சில நாடுகள் இசையாமையால், மாநாட்டுக்கு மாநாடு தடைப்பட்டுப் போயிற்று.

வாயிலை அடைத்தால் உழவு கெட்டுப்போகும், விளைச்சல் குன்றும் என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்தை எளிதில் தள்ளவியலாது. பூச்சியால் ஒரு போகம் இழந்த வீட்டின் துன்பத்தை யானும் கண்டவனே. இதற்கு விடை தேடுவோர்க்கு நம் அண்டை நாடாகிய இலங்கை பெரிய பாடம் தருகின்றது. அத்தீவு தனக்கு வேண்டும் பூச்சிக்கொல்லி மூலப்பொருள்களை வெளியிலிருந்தே பெறுகின்றது. ஆகவே அங்கு இறக்குமதி விதியே எல்லாவற்றையும் ஆள்வது. 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் பதவி ஏற்பட்டது. பாராத்தியானும் மீதைல் பாராத்தியானும் 1984இல் விலக்கப்பட்டன. மானோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் முதலிய எஞ்சிய கொடும் நஞ்சுகளுக்கு 1995இல் வாயில் அடைபட்டது, எண்டோசல்பானுக்கு 1998இல். அத்தீவில் 1995இல் ஓர் இலட்சம் மக்களுக்கு 47 பேர் வீதம் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிகுந்த வீதங்களுள் அஃதொன்று. அவர்களிற் பெரும்பாலோர் பயன்படுத்தியது வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த குப்பியே. 2005இல் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1996 முதல் 2005 வரை நிகழ்ந்த இறப்புகள் முந்திய பத்தாண்டுகளைவிட ஏறக்குறைய 20,000 குறைவு என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். நெல் விளைச்சல் இவ்விலக்குகளால் குன்றவில்லை என்பதையும் ஆராய்ந்து எழுதினர். மக்களின் மனத்துயரை யாரும் மந்திரத்தால் நீக்கிவிடவில்லை. வெகுளியிலும் வேதனையிலும் கைநீட்டிய ஒரு நொடியில் கைக்கு அகப்பட்ட பொருள் முன்போலக் கொல்லும் பொருளாக இல்லை, நொடி கடந்தது, உயிர் நின்றது.

அதே இலங்கை 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், உரம் பூச்சிக்கொல்லி ஆகிய எல்லா இரசாயனங்களின் இறக்குமதியையும் ஒருசேர நிறுத்திற்று. மாற்று ஏற்பாடு இல்லை. உழவர்க்கு முன்னறிவிப்பும் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் அவ்வாணையை மீளப்பெற்றனர். முன்னது நஞ்சுகளை ஒவ்வொன்றாய் நிறுத்து வினவிக் கொடியதை மட்டும் திருப்பி அனுப்பியது. பின்னது வினவாமலே கதவைச் சாத்தியது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, 'தடை செய்தால் பஞ்சம் வரும்' என்று பேசுவோர் முன்னதை மறந்துவிடுகின்றனர்.

மாமாவின் குப்பிக்குத் திரும்புகின்றேன். பிரசுரத்தை நான் படித்ததோடு நிற்கவில்லை. அவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு தொடரையும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்பாவை சுருங்கும் என்ற இடத்தில், "போன ஆவணியில் எனக்குக் கண் மங்கிற்றே, வெயில் என்றல்லவா நினைத்தேன்" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து எழுந்துவந்து நின்றார். நச்சுமுறி என்ற இடத்தில் 'அட்ரோபின்' என்று போட்டிருந்தது. மாமா அச்சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "மருமகனே, இந்த அட்ரோபின் நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்குமா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாட் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாமே போய்க் கேட்டுவந்தார். இருக்கின்றதாம், ஆனால் குப்பியையும் உடன் கொண்டுவரச் சொன்னார்களாம், என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் ஊசி போட வசதி என்று. வந்ததும் கொட்டிலுக்குச் சென்று, தீவன மூட்டைக்கு அருகில் இருந்த குப்பியை எடுத்துப் பரண்மேல் தனியே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை அத்தை அவரைப் பார்த்து, "நாளைக்கு மருந்தடிக்கிற வேலை உண்டா?" என்று கேட்டார். மாமா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "மருந்து என்னாதே" என்றார்.